அடைத்த நாக்கும் அயிரைக் குழம்பும்

மதுரையில் பொழுது சாய்ந்துவிட்டால் அநேகமாக யாருக்கும் நாக்கு வேலை செய்யாது.

இது நோய் அல்ல, சட்டம். பெரியவர்கள் எல்லோருக்கும் கடைவாய்ப் பல்லில் எள்ளளவு மணி ஒன்றைப் பதித்திருந்தார்கள். பல்மணி என்று பெயர். வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்திலும் உப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு உடம்பு தாங்கும் அளவு முடிந்ததும் சத்தமில்லாமல் நாக்கை அடைத்துவிடும். அடைத்த நாக்குக்கு அல்வாவும் ஒன்றுதான், நனைந்த அட்டையும் ஒன்றுதான். சூடு தெரியும், மிளகாயின் எரிச்சல் தெரியும், வேறொன்றும் தெரியாது. மறுநாள் விடியும்போது தானாகத் திறந்துகொள்ளும்.

நல்லது நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரைக்காக விரலையும் காலையும் எடுப்பது அரிதாகிவிட்டது. ஆனால் ஊரின் நாள் தலைகீழாகிப் போனது. விடியற்கருக்கலிலேயே பரோட்டாக் கல்லில் சத்தம் கேட்கத் தொடங்கியது. கல்யாண விருந்துகள் சூரியன் உதிப்பதற்குள் முடிந்தன. காதலிப்பவர்கள் காலை ஆறு மணிக்கு ஜிகர்தண்டா குடித்தார்கள். விடிய விடியக் கடை திறந்திருந்த ஊரில் இரவுக் கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. வீடுகளில் இராச்சாப்பாடு என்பது மாத்திரை விழுங்குகிற மாதிரி ஆளுக்கொரு மூலையில் முடிகிற காரியமாயிற்று.

செல்லூரில் ஒரு வீட்டில் மட்டும் இரண்டு பேர் இன்னும் எதிரெதிரே உட்கார்ந்து இரவில் சாப்பிட்டார்கள். சோலைராஜ் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். அவன் மனைவி அழகுநாச்சி ஒரு காலை மெஸ்ஸில் தலைமைச் சமையல். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

"எப்படி இருக்கு மாமா?" என்பாள் அழகுநாச்சி. அவன் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான்.

சோலைராஜ் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, யோசிக்கிற பாவனையில் தலையை ஆட்டுவான். உண்மையில் அவன் வாயில் இருந்தது சூடான சேறு. நாலு மணிக்கு டெப்போவுக்குப் பின்னால் தின்ற வாழைக்காய் பஜ்ஜி அவன் நாக்கை எப்போதோ அடைத்திருக்கும். ரத்தக் கொதிப்பில் ஒருமுறை மயங்கி விழுந்த பிறகு, அவள் தலையில் கைவைத்து, இனி பஜ்ஜி தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியம் ஒரு மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தது.

"பிரமாதம்" என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் குறையும் சொல்வான். "உப்பு ஒரு சிட்டிகை கூடணும் புள்ள" என்பான் ஒருநாள். இரண்டு நாள் கழித்து, "இன்னும் லேசாப் போடலாம்" என்பான். அவள் முகம் தீவிரமாகிவிடும். மறுநாள் அப்படியே செய்வாள்.

ஒரு மாதமாக இந்த நாடகம் இன்னும் மும்முரமாக நடந்தது. காரணம், வரப்போகும் சனிக்கிழமை. வைகைக் கரையில் ஓர் இரவுச் சந்தை கூட்டப் போகிறார்கள். பகலெல்லாம் வாயைக் கட்டி, நாக்கைத் திறந்தபடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் வாசலில் அனுமதி. எட்டு வருஷத்துக்குப் பிறகு மதுரை இரவில் ருசித்துச் சாப்பிடப் போகிறது. முதல் நாள் எந்தக் கடையின் பானை காலியாகிறதோ அந்தக் கடைக்கு அங்கே நிரந்தர இடம். மீந்துபோன பானைக்காரர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அழகுநாச்சி அயிரைமீன் குழம்பு வைக்கப் போகிறாள். மெஸ்ஸில் அண்டா அண்டாவாகக் கேசரி கிண்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. 'அழகுநாச்சி அயிரைக் கடை' என்று பச்சைப் பெயிண்டில் அவளே எழுதிய பலகை கதவுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

புதன்கிழமை காலை சோலைராஜுக்கு நாக்கு திறக்கவில்லை.

இட்லி களிமண்ணாக இருந்தது. சட்னி வெறும் ஈரம். பல்மணி கெட்டுப்போய்விட்டது என்று முடிவுசெய்து, வேலைக்குப் போகிற வழியில் வார்டு சுகாதார நிலையத்துக்குப் போனான். பல்மணி பார்க்கும் ரெபெக்கா அவன் வாய்க்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தாள்.

"மணி நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்கதான் நல்லா இல்ல."

"பஜ்ஜிதாம்மா. சாயங்காலம் ஒண்ணு…"

அவள் திரையை ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு."

"நாலு" என்றாள் ரெபெக்கா.

"அதெல்லாமா தெரியுது?"

"நீங்க கடிச்ச நேரமே தெரியுது. இங்க பாருங்க." திரையை அவன் பக்கம் திருப்பினாள். காலை, மதியம், மாலை, இரவு என்று வண்ணக் கம்பங்கள் நின்றன. "இங்க வர்ற முக்காவாசிப் பேருக்கு ஒரே கதைதான். மூணு வேளைச் சாப்பாட்டுல பெருசா குத்தம் இருக்காது. நடுவுல கொறிக்கிறாக பாருங்க, டீ, பிஸ்கட்டு, மிச்சரு, அதுலதான் எல்லாம் போயிரும். சாப்பாட்ட சாப்பாடுன்னு நெனைக்கிறாக, கொறிக்கிறத காத்துன்னு நெனைக்கிறாக. உங்களுக்கும் சீனியும் எண்ணெயும் அப்படித்தான். சாயங்காலம் ஒசந்து நிக்குது. ஆனா உப்பப் பாருங்க."

இரவுக்கு நேரே உப்பின் கம்பம் தெற்குக் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. பக்கத்தில் பஜ்ஜியின் உப்பு கோபுர வாசலில் நிற்கும் செருப்புக் கடை அளவுக்கு இருந்தது.

"உங்க பஜ்ஜி பாவம்ணே. அதும்மேல பழியப் போடாதீக. ராத்திரி எங்க சாப்பிடுறீக?"

"வீட்லதாம்மா."

"வீடா, உப்பளமா?" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மாசம் பூராம் படிப்படியா ஏறுது. அளவுக்கு மிஞ்சுனது மறுநாள் கணக்குல சேந்துரும்ணே. அதான் விடிஞ்சும் தெறக்கல. இன்னைக்கு ராத்திரி ஒண்ணும் சாப்பிடாம இருங்க, நாளைக்குத் தெறந்துரும்."

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஏறி உட்காரக்கூடத் தோன்றவில்லை. ஒரு சிட்டிகை கூடணும் புள்ள. இன்னும் லேசாப் போடலாம். நம்பும்படி இருக்கட்டும் என்று அவன் சும்மா வீசிய வார்த்தை ஒவ்வொன்றையும் அவள் கையால் பொறுக்கிக் குழம்பில் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை அந்தக் குழம்பைத்தான், பகலெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு வருகிற ஊரின் முன்னால் வைக்கப் போகிறாள். முதல் கவளத்திலேயே துப்புவார்கள். அந்தப் பச்சைப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் கரையேறி வரும் காட்சி அவனுக்கு இப்போதே தெரிந்தது.

சொல்லிவிடலாம். சொன்னால் பஜ்ஜியையும் சொல்ல வேண்டும், சத்தியத்தையும் சொல்ல வேண்டும், ஒரு மாதமாகச் சப்புக்கொட்டியதையும் சொல்ல வேண்டும். அதைவிட, ஒரே ஒருநாள் நாக்கைத் திறந்தபடி வீட்டுக்குக் கொண்டுபோய், உண்மையாகவே ருசி பார்த்து, 'உப்பைக் குறை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா? அவன் கோழை. ஆனால் அன்புள்ள கோழை.

அன்றிரவு வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டான். வியாழக்கிழமை விடியலில் நாக்கு திறந்தது. உப்பில்லாத கஞ்சி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, தலையில் பால்குடம் சுமப்பவன் போல டெப்போவுக்குப் போனான்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, ஒரு மனிதனின் பகல் எத்தனை வாய்களால் ஆனது என்று. உட்காருவதற்கு முன்பே யாரோ பிறந்தநாள் லட்டு நீட்டினார்கள். பதினோரு மணி டீயோடு வந்த முறுக்கை இவன் கை தானாகவே எடுத்தது. வாய்க்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்துத் திருப்பி வைத்தான். கண்டக்டர் ஒருவர் பேசிக்கொண்டே காராச்சேவை மேசையில் கொட்டிவிட்டுப் போனார். இதில் எதையும் இத்தனை நாளும் அவன் சாப்பிட்டதாகவே நினைத்ததில்லை.

நாலு மணிக்கு டிரைவர் காசிம் வந்தார். கையில் பொட்டலம், எண்ணெய் ஊறிய காகிதம்.

"வாங்க டைம் கீப்பரே, நேரமாச்சு."

"இன்னைக்கு வேணாம்ணே."

"ஏன், விரதமா? பொண்டாட்டி நெனப்பா?"

"ரெண்டுந்தான்."

"அடப்பாவி, ரெண்டும் ஒரே நாள்லயா!" காசிம் அவன் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பஜ்ஜியை இரண்டாகப் பிய்த்தார். ஆவி எழுந்தது. "ஒரு ஓரத்த மட்டும் கடிச்சுக்க. மாங்காத் துண்டுகூட இருக்கு. புளிப்புன்னா உசுர விடுவியே."

அது உண்மைதான். சின்ன வயதில் புளி உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் அவன். வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு, வருகைப் பதிவு சரிபார்க்கிற சாக்கில் எழுந்து பேருந்துகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினான். காசிம் பின்னாலிருந்து கத்தினார்: "ஓடு ஓடு, பஜ்ஜி தொரத்துது!"

அன்று ஏழரை மணிக்கு அழகுநாச்சி இலையில் சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்து, அயிரைக் குழம்பை ஊற்றினாள். வாசனை அவன் கண்ணைக் கலங்கவைத்தது. திறந்த நாக்கோடு அவள் இரவுச் சமையலின் முன்னால் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று.

முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

காது அடைத்தது. ஒரு சமுத்திரத்தை வற்றவைத்து அதில் நாலு மீனைப் போட்டிருந்தாள். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தான்.

எதிரே அழகுநாச்சி அதே குழம்பை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவன் இரண்டாவது கவளத்தை மறந்து அவளையே பார்த்தான்.

"என்ன மாமா, எப்படி இருக்கு?"

"நீ சொல்லு புள்ள. எப்படி இருக்கு?"

"நீங்க சொன்னாச் சரிதான்."

"இல்ல, உன் வாய்க்கு எப்படி இருக்குன்னு கேக்குறேன்."

அவள் விரல் இலையில் நின்றது. "நல்லாத்தான்… நேத்து மாதிரிதான்."

"அழகு. உனக்கு நாக்கு எப்ப அடைக்குது?"

அவள் இலையை லேசாகத் தள்ளி வைத்தாள்.

"பத்து மணிக்கு" என்றாள் சின்னக் குரலில். "ராத்திரி பத்து இல்ல. காலையில பத்து. சக்கரப் பொங்கலு, கேசரி, சாம்பாரு, எல்லாத்தையும் நான்தான் வாயில வச்சுப் பாக்கணும். ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி. எல இல்ல, தட்டு இல்ல, நின்னுக்கிட்டே. சாப்பாடுன்னு ஒரு வேள உக்காரதுக்கு முன்னாடியே அடைச்சுரும். ரெண்டு வருசமா அப்படித்தான்."

"சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்ல? எம் பொண்டாட்டி நாக்கு நகைக்கடைத் தராசுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கீக. வீட்டுக்கு ஒரு நாக்கு சுத்தமா இருந்தாப் போதும், மாமா நாக்கு இருக்குன்னு நெனச்சேன்." சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னைக்கு ஏன் கேக்குறீக?"

அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. பஜ்ஜியிலிருந்து தொடங்கி உப்புக் கோபுரம் வரை சொன்னான். சொல்லிக்கொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், குழம்புச் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டும் இருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. அது உப்பாலா வேறு எதாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒரு மாசமா!" அவள் எழுந்துவிட்டாள். "தலையில கைய வச்சு சத்தியம் பண்ணீகளே, அது யாரு தலை? பக்கத்து வீட்டுக்காரி தலையா? ஊரே வந்து எம் மூஞ்சில துப்பிட்டுப் போயிருக்கும். சிட்டிகையாம் சிட்டிகை!" கதவுக்குப் பின்னால் போய், பச்சைப் பலகையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். திரும்பி வந்தவள் அவன் இலையைப் பார்த்தாள். "உப்புன்னு சொல்லிக்கிட்டே என்னத்துக்கு இன்னும் தின்னுக்கிட்டு இருக்கீக?"

"நீ வச்ச குழம்பு" என்றான் சோலைராஜ். "ஒரு மாசமா விழுங்குனேன். இன்னைக்குத்தான் திங்கிறேன்."

அடுத்த கவளத்தில் அவன் வாய்க்குள் விளக்கு அணைந்தது. உப்பு போனது, மீன் போனது, எல்லாம் சேறாயிற்று. "அடைச்சுருச்சு" என்றான் பரிதாபமாக.

அழகுநாச்சி முறைத்தாள். அப்புறம் உதட்டோரம் துடித்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதமாக இரண்டு அடைத்த நாக்குகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றையொன்று நம்பி, ஒரு பானைக் குழம்பைக் கடலுக்குள் இறக்கிவிட்டிருந்தன. அவனும் சிரித்தான். சிரிப்பு நின்றதும் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. இடையில் வெள்ளிக்கிழமை மட்டுமே இருந்தது.

"நீ மெஸ்ஸுக்கு லீவு போட்ரு. நீயே ருசி பாரு."

"சனிக்கெழம கல்யாண விருந்து. வாக்குக் குடுத்துட்டேன். லீவு போட்டாலும் இந்த மாசம் பூராம் நானும் இதத்தானே தின்னேன்? எனக்கு விடியக் காலையில கொஞ்ச நேரந்தான் தெறக்குது. கேசரிக்கே பத்தல." பெருமூச்சு விட்டாள். "உங்க நாக்குதான் மாமா."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் சோலைராஜ் உப்பில்லாத கஞ்சியும் வெள்ளரிக்காயும் தின்றான். காசிம் பஜ்ஜிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு டெப்போவின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "எம் மாப்ள நாக்கு இன்னைக்கு கோயில் வாகனம், யாரும் குறுக்க போகாதீக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை அந்தி. வைகைக் கரை நெடுக அடுப்புகள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மக்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. பகலெல்லாம் வாயைக் கட்டியவர்களின் அமைதி பரீட்சைக்கூடத்து அமைதியைப் போல இருந்தது. மணலில் நின்ற கூட்டத்தின் கண்களெல்லாம் பானைகள் மேலேயே இருந்தன.

அழகுநாச்சி கொதிக்கும் குழம்பிலிருந்து ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விட்டாள். அவன் நக்கினான்.

"உப்பு?"

"இன்னும் ஒரு சிட்டிகை."

அவள் கரண்டியை ஓங்கினாள்.

"நெசமாத்தான் புள்ள! இந்தத் தடவ நெசமாவே வேணும்."

போட்டாள். இன்னொரு சொட்டு. "இப்ப?"

"நிப்பாட்டு. கச்சிதம்."

"காரம்?"

"சரியா இருக்கு."

"புளி?"

அவன் கண்ணை மூடினான். இந்தமுறை பாவனை இல்லை. "இன்னும் கொஞ்சம் கரைச்சு ஊத்து."

"வாசனையே புளிக்குதே மாமா."

"நாக்கு யாருது?"

"உங்களுது" என்று முணுமுணுத்துக்கொண்டே கரைத்து ஊற்றினாள்.

கயிற்றை அவிழ்த்தார்கள். முதலில் வந்தவர் வழுக்கைத் தலையோடு, கைத்தடி ஊன்றி நின்ற ஒரு மனிதர். சோற்றில் குழம்பை வாங்கி, நின்றபடியே ஒரு கவளம் வாயில் போட்டார். மெல்லாமல் அப்படியே நின்றார். அழகுநாச்சி பெஞ்சுக்குக் கீழே சோலைராஜின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்த மனிதர் விழுங்கினார். கண்ணைத் துடைத்தார். "இன்னொரு கரண்டி ஊத்து தாயி" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நிமிர நேரமில்லை. இலையை வழிக்கும் சத்தம், ஊற்று ஊற்று என்ற சத்தம், எங்கோ ஒரு குழந்தை தன் அம்மா அழுவதைப் பார்த்து ஏன் என்று கேட்கும் சத்தம். பானையின் அடியைக் கரண்டி தட்டியபோது வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அழகுநாச்சி ஒரு கிண்ணக் குழம்பை மட்டும் மூடி ஒளித்து வைத்திருந்தாள். பச்சைப் பலகையை, துணைக்கு வந்திருந்த காசிம் ஏறி நின்று கட்டினார். சற்றுச் சாய்வாகத்தான் கட்டினார். யாரும் நிமிர்த்தவில்லை.

அலைச்சலில் அன்றிரவு அவள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மெஸ்ஸுக்கு விடுமுறை. ஜன்னலில் வெளிச்சம் வரும்போதே அவள் இட்லி ஊற்றிவிட்டு, கிண்ணத்துக் குழம்பை லேசாகச் சுடவைத்தாள். மீன் குழம்பு ஓர் இரவு ஊறினால்தான் முழுசாகக் குழம்பாகும். அவன் பல் துலக்கிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நாக்கு திறந்திருந்தது.

தன் குழம்பை அவள் முதல்முறையாக ருசித்துச் சாப்பிட்டாள். இட்லியைத் தொட்டு, வாயில் வைத்து, அசையாமல் இருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று இப்போது அவன் கேட்டான்.

"மாமா."

"என்ன?"

"புளி தூக்கலா இருக்கு."

அவன் முகம் வாடிவிட்டது. "ஊரே வழிச்சுச் சாப்பிட்டுச்சே."

"ஊருக்கு என்ன தெரியும், எட்டு வருசமா காஞ்சு கெடந்த ஊரு. இது எங் கையே இல்ல. புளி உருண்டையப் பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஒரு பயலோட வாய் இது. பல்லு கூசுது."

"அப்ப அடுத்த சனிக்கெழம கொறைச்சிருவோம்."

அவள் இன்னொரு துண்டைத் தோய்த்தாள். ஒரு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். மறுபடி தோய்த்தாள்.

"வேணாம். அங்க இதுதான். உங்க வாய் எனக்கு அங்க இருக்கட்டும்" என்றாள். "எங் கைக் குழம்ப ஞாயித்துக்கெழம காலையில வீட்ல வைக்கிறேன்."

அப்புறம், புளிப்பு, என்ன புளிப்பு, இப்படியுமா ஒரு புளிப்பு என்று சொல்லிக்கொண்டே, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி விரலால் வழித்து, கடைசிச் சொட்டுவரை தின்று முடித்தாள்.